ஒரே சேர்வரில் பல டொமைன்: போஸ்ட்ஃபிக்ஸ் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியில் ஒரு சிறிய தங்குவிடுதிக்காகத் தொடங்கிய வேலை இது. அப்புறம் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்கள் வந்தார்கள். பிறகு ஒரு பழைய மாணவர் சங்கம், கிண்ணியாவில் ஒரு மருந்துக்கடை. இப்போது ஒரே வாடகைச் சேர்வரில் ஐந்து டொமைன்களுக்கு மெயில் வந்து இறங்குகிறது. இதைப் பார்த்துத் தாங்களும் செய்யலாம் என்று கிளம்பியவர்கள் திருகோணமலைக்குள்ளேயே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆட்கள் மாறினாலும் போனில் கேட்கிற கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, பதிலை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே பேசுவது டெபியன் லினக்ஸில் ஓடுகிற போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் பற்றி. மெயிலை வாங்கிப் பிரிப்பது போஸ்ட்ஃபிக்ஸ். பெட்டியைத் திறந்து உங்கள் போனுக்குக் காட்டுவது டவ்காட். அமைப்புச் சொற்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். மெயின்.சிஎஃப் என்ற அமைப்புக் கோப்பில் தட்டும்போது சிறிய ஆங்கில எழுத்து, சொல்லுக்குச் சொல் நடுவே அடிக்கோடு. மைடெஸ்டினேஷன், மைஒரிஜின் போன்றவற்றுக்கு மட்டும் நடுவில் ஒன்றும் இல்லை, ஒரே சொல். உதாரணத்துக்கு விடுதி.எல்கே, படகு.எல்கே, சங்கம்.எல்கே என்று மூன்று கற்பனை டொமைன்களை வைத்துக்கொள்வோம். சேர்வரின் பெயர் மெயில்.விடுதி.எல்கே.

ஒரே சேர்வரிலை நாலைஞ்சு டொமைனுக்கு மெயில் எடுக்க ஏலுமா? ஒவ்வொண்டுக்கும் தனிச் சேர்வர் வேணாமா?

ஏலும். தனிச் சேர்வர் வேண்டாம், தனி ஐபி விலாசமும் வேண்டாம். இணையத்தளத்துக்கு எப்படி ஒரே சேர்வரில் பல தளங்கள் ஓடுகின்றனவோ அப்படித்தான். ஒரு தபால்கந்தோருக்குப் பல ஊர்க் கடிதங்கள் வருகின்றன. எந்த ஊர் தன்னுடையது, அந்த ஊரில் எந்த வீடு யாருடையது என்று கந்தோருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

டொமைன் வாங்கியாச்சு. மெயில் இன்னும் வரேல்லை. வேறை என்ன செய்யவேணும்?

டொமைன் என்பது பெயர் மட்டும். அந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சேர்வரிடம் கொடுப்பது என்பதை டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர்ப் பதிவேடு) ‘எம்எக்ஸ்’ என்ற பதிவு சொல்கிறது. மூன்று டொமைனுக்கும் எம்எக்ஸ் பதிவை மெயில்.விடுதி.எல்கே என்று ஒரே பெயருக்குக் காட்டலாம். படகு.எல்கேயின் எம்எக்ஸ் இன்னொரு டொமைனின் பெயரைக் காட்டினால் குற்றமா என்று பலர் தயங்குகிறார்கள். ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு பிழைகளைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். எம்எக்ஸில் ஐபி எண்ணை நேரே எழுதுவது ஒன்று, ‘சிநேம்’ என்ற மாற்றுப்பெயருக்குக் காட்டுவது மற்றது. இரண்டும் கூடாது. எம்எக்ஸ் ஒரு பெயரைக் காட்டவேண்டும், அந்தப் பெயருக்கு ‘ஏ’ பதிவில் ஐபி எண் இருக்கவேண்டும். முன்னால் போடும் எண்ணில் சிறியதற்குத்தான் முன்னுரிமை. ஒரே சேர்வர் என்றால் 10 என்று போட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டிலை பழைய கொம்பியூட்டர் ஒண்டு சும்மா கிடக்குது, அதிலை ஓட்டினா காசு மிச்சம்தானே?

பழக ஓட்டுங்கள், தொழிலுக்கு வேண்டாம். வீட்டு இணைப்பில் ஐபி எண் மாறிக்கொண்டே இருக்கும். சேர்வர்கள் தமக்குள் பேசும் 25ஆம் போர்ட்டைப் பல இணைப்புகளில் மூடி வைத்திருப்பார்கள். அந்த எண்ணுக்குரிய தலைகீழ்ப் பெயரையும் (எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) உங்களால் வைக்க முடியாது. அது ஏன் முக்கியம் என்பது கீழே ஸ்பாம் கேள்வியில் வருகிறது. மார்கழி மழையில் கரண்ட் போவதையெல்லாம் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மாத வாடகைக்கு ஒரு சிறிய மெய்நிகர் சேர்வர் எடுங்கள். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “25ஆம் போர்ட் வெளியே திறந்திருக்கா?” புதுக் கணக்குகளுக்கு அதை மூடி வைக்கும் நிறுவனங்களும் உண்டு.

மைடெஸ்டினேஷன் வரியிலை எல்லா டொமைனையும் வரிசையா எழுதிவிட்டன். அது போதாதா?

மெயில் வரும். ஆனால் சங்கடமும் சேர்ந்து வரும். மைடெஸ்டினேஷனில் எழுதிய டொமைன்களைப் போஸ்ட்ஃபிக்ஸ் ‘உள்ளூர்’ என்று எடுத்துக்கொள்ளும். உள்ளூர் என்றால் @ குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காது. முன்னால் உள்ள பெயரில் லினக்ஸ் பயனர் இருக்கிறாரா, அல்லது அலியாசஸ் கோப்பில் (ஒரு பெயருக்கு வருவதை இன்னொருவருக்குத் திருப்பும் பட்டியல்) அந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆக, இன்ஃபோ@விடுதி.எல்கேயும் இன்ஃபோ@படகு.எல்கேயும் ஒரே பெட்டி.

நானும் முதலில் இப்படித்தான் செய்தேன். திமிங்கிலம் பார்க்கிற காலம் தொடங்கியதும் படகுக்காரருக்கு மெயில் குவிந்தது, எல்லாம் விடுதியின் முன்மேசையில். “இரண்டு பேர், விடிய ஆறு மணி, எவ்வளவு?” என்று கேட்டவருக்கு முன்மேசைப் பிள்ளை அறை வாடகையைச் சொல்லி, காலைச் சாப்பாடும் உண்டு என்று பதில் எழுதியிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரர் படகில் சாப்பாடு தருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். கிட்டத்தட்ட பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்கு விஷயம் பிடிபட்டது.

ஒரே ஆட்கள் பல டொமைன் வைத்திருந்தால் இந்த முறை தாராளமாகப் போதும். உதாரணமாக விடுதிக்கு டொட்கொம் ஒன்றும் டொட்எல்கே ஒன்றும். ஆட்கள் வேறு என்றால் கூடாது.

அப்ப இன்ஃபோ எண்ட பேர் ரெண்டு பேருக்கும் வேணும், மெயில் கலக்கவும் கூடாது. எப்பிடி?

இதற்குத்தான் ‘விர்ச்சுவல் அலியாஸ்’. படகு.எல்கேயை மைடெஸ்டினேஷனிலிருந்து எடுத்துவிட்டு, விர்ச்சுவல் அலியாஸ் டொமைன்ஸ் என்ற வரியில் எழுதுங்கள். விடுதி.எல்கே, சங்கம்.எல்கே இரண்டுக்கும் அப்படியே. பிறகு விர்ச்சுவல் அலியாஸ் மேப்ஸ் என்ற வரியில் ஒரு அட்டவணைக் கோப்பைக் காட்டவேண்டும். அந்தக் கோப்பு இப்படி இருக்கும். இடப்பக்கம் வெளியார் எழுதும் முழு விலாசம், வலப்பக்கம் சேர்வரில் உள்ள பயனர்:

இன்ஃபோ@விடுதி.எல்கே → முன்மேசை@லோக்கல்ஹோஸ்ட்
இன்ஃபோ@படகு.எல்கே → படகோட்டி@லோக்கல்ஹோஸ்ட்
தலைவர்@சங்கம்.எல்கே → சங்கத்தலைவர்@லோக்கல்ஹோஸ்ட்

அம்புக்குறி இங்கே விளங்குவதற்காக. கோப்பில் வெறும் இடைவெளிதான். இந்த முறையில் @ குறிக்குப் பின்னால் உள்ளதும் சேர்ந்தே பார்க்கப்படும். அட்டவணையில் இல்லாத விலாசத்துக்கு மெயில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஒவ்வொரு டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர் என்று ஒரு வரி போட மறக்காதீர்கள். அந்த விலாசம் இருக்கவேண்டும் என்பது சேர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி முறையின் விதியிலேயே உண்டு.

வலப்பக்கத்திலை சும்மா ‘முன்மேசை’ எண்டு எழுதினா காணாதா? லோக்கல்ஹோஸ்ட் எதுக்கு?

காணும், ஒரு நிபந்தனையோடு. லோக்கல்ஹோஸ்ட் என்றால் இந்தச் சேர்வரேதான். டொமைன் இல்லாத பெயரைக் கண்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அதன் பின்னால் மைஒரிஜின் என்ற மதிப்பை ஒட்டும். டெபியனில் அது வழக்கமாக மெயில்நேம் என்ற கோப்பிலிருந்து வரும். அந்தக் கோப்பில் விடுதி.எல்கே என்று இருந்து, நீங்களும் இப்போதுதான் விடுதி.எல்கேயை உள்ளூர்ப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ‘முன்மேசை’ என்பது முன்மேசை@விடுதி.எல்கே ஆகிவிடும். அப்படி ஒரு விலாசம் அட்டவணையில் இல்லை. முடிந்தது கதை: எல்லா மெயிலும் ‘யூசர் அன்னோன்’ என்று திரும்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்காகத் தலையைப் பிய்த்திருக்கிறேன். லோக்கல்ஹோஸ்ட் மைடெஸ்டினேஷனில் எப்போதும் இருக்கட்டும். வலப்பக்கத்தில் அதைச் சேர்த்தே எழுதுங்கள்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் எழுதினன். ஆனா பழையபடியே கிடக்குது.

போஸ்ட்மேப் என்ற கட்டளையை ஓட்டினீர்களா? ஹாஷ் வகை அட்டவணையைப் போஸ்ட்ஃபிக்ஸ் நேரே வாசிப்பதில்லை. அதிலிருந்து செய்த இன்னொரு கோப்பைத்தான் வாசிக்கும். ஆகவே அட்டவணையைத் திருத்திய ஒவ்வொரு தடவையும் போஸ்ட்மேப். அலியாசஸ் கோப்பைத் திருத்தினால் நியூஅலியாசஸ். மெயின்.சிஎஃப் கோப்பைத் திருத்தினால் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட். பத்தில் எட்டுப் போன் கோல் இந்த மூன்று வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

சேர்வர் என்ன விளங்கிக்கொண்டது என்று பார்க்க, போஸ்ட்மேப்போடு கழித்தல்-கியூ போட்டு விலாசத்தைக் கொடுங்கள். வலப்பக்கம் என்ன என்று சொல்லும். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தால் அந்த விலாசம் அட்டவணையில் இல்லை. நீங்கள் மாற்றி எழுதிய அமைப்புகளை மட்டும் காட்டுவதற்குப் போஸ்ட்கான்ஃப் கழித்தல்-என். என்னிடம் கேட்க வருமுன் இதை ஓட்டி வெளியீட்டை அனுப்பினால் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு மெயில் விலாசத்துக்கும் லினக்ஸ் பயனர் ஒண்டு உண்டாக்க விருப்பமில்லை. அப்படி இல்லாமல் செய்யலாமா சேர்?

செய்யலாம். அதுதான் ‘விர்ச்சுவல் மெயில்பொக்ஸ்’. கன்னியாவில் ஒரே வளவுக்குள் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றனவே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. அதுபோல எல்லாப் பெட்டிகளும் விமெயில் என்ற ஒரே லினக்ஸ் பயனரின் வளவுக்குள் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தனி. பெட்டிக்காரருக்குச் சேர்வரில் உள்நுழையும் கணக்கே கிடையாது. கடவுச்சொல் டவ்காட்டிடம் மட்டும் இருக்கும்.

டொமைனை விர்ச்சுவல் மெயில்பொக்ஸ் டொமைன்ஸ் வரியில் எழுதவேண்டும். விர்ச்சுவல் மெயில்பொக்ஸ் பேஸ் என்பது வளவு, எல்லாப் பெட்டிகளுக்கும் மேலான அடைவு. விர்ச்சுவல் மெயில்பொக்ஸ் மேப்ஸ் அட்டவணையில் இடப்பக்கம் இன்ஃபோ@படகு.எல்கே, வலப்பக்கம் படகு.எல்கே/இன்ஃபோ/ என்று வளவுக்குள் போகும் பாதை. யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் விமெயிலின் எண்ணுக்குக் காட்டுங்கள், பலரும் 5000 வைப்பார்கள். அந்த அடைவு விமெயிலுக்குச் சொந்தமாக இல்லாவிட்டால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று லொக்கில் (சேர்வர் நடப்பதை எழுதிவைக்கும் குறிப்பேடு) கத்தும்.

விர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட் வரியை டவ்காட்டின் எல்எம்டிபிக்கு, அதாவது மெயிலை வாங்கிப் பெட்டியில் போடும் அதன் பகுதிக்கு, காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது மெயிலைப் பெட்டியில் வைப்பது டவ்காட். பாதையைத் தீர்மானிப்பதும் அதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் அட்டவணையின் இடப்பக்கம் “இப்படி ஒரு ஆள் உண்டு” என்று அறிய மட்டுமே பயன்படும். வலப்பக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் மெயில் அதே இடத்தில் விழுகிறதே என்று ஒருவர் மூன்று நாள் மல்லுக்கட்டியது இதனால்தான்.

எங்கடை நிலைமைக்கு எது சரி? ஒண்டைச் சொல்லுங்கோ.

ஆட்கள் பத்துப் பேருக்கு உட்பட்டு, வருடக்கணக்காக அதே ஆட்கள் என்றால் விர்ச்சுவல் அலியாஸ். ஒரு கோப்பு, ஒரு கட்டளை, தூக்கத்திலும் திருத்தலாம். லினக்ஸ் பயனர்களை உண்டாக்கும்போது மட்டும் அவர்களுக்கு ஷெல்லாக (கட்டளை தட்டும் வாசல்) நோலொகின், அதாவது உள்நுழைய விடாத ஒன்றை, கொடுங்கள். இல்லாவிட்டால் மெயில் கடவுச்சொல்லை ஊகித்தவன் சேர்வருக்குள்ளேயே வந்து உட்காருவான்.

வேலையாட்கள் வந்து போகிற இடம், இருபது முப்பது பெட்டி, ஒவ்வொருவருக்கும் அளவுக் கட்டுப்பாடு என்றால் விர்ச்சுவல் மெயில்பொக்ஸ். டேட்டாபேஸ் வைத்துத்தான் செய்யவேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வருவார்கள். ஐந்து டொமைன், நாற்பது விலாசத்துக்கு டேட்டாபேஸ் எதற்கு? கருவாட்டுச் சிப்பம் ஒன்றை ஏற்றக் கப்பல் பிடிப்பதா? சாதாரணக் கோப்புகளே போதும்.

ஒரே சேர்வரில் ஒரு டொமைன் உள்ளூராகவும், இன்னொன்று அலியாஸாகவும், மற்றது மெயில்பொக்ஸாகவும் இருக்கலாம். தடையில்லை. ஆனால் ஒரு டொமைன் ஒரே பட்டியலில்தான் இருக்கவேண்டும்.

பயத்துக்கு ரெண்டு பட்டியலிலும் போட்டு வைச்சிருக்கிறன். மெயில் வருகுதுதானே, அப்ப பிழை என்ன?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இந்தப் பதிலைப் படியுங்கள். ‘படகு.எல்கேயை மைடெஸ்டினேஷன், விர்ச்சுவல் அலியாஸ் டொமைன்ஸ் இரண்டிலும் எழுதாதே’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் லொக்கில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். லொக்கை யார் பார்க்கிறார்கள்? மெயில் வருகிறதே.

வருவதுதான் ஆபத்து. அட்டவணையில் எழுதிய விலாசங்கள் சரியாகப் போகும், அதனால் பிழை தெரியாது. அட்டவணையில் இல்லாத விலாசத்துக்கு வரும்போதுதான் வேலை காட்டும். ஒருவர் கணக்கு@படகு.எல்கே என்று ஊகித்து எழுதுகிறார். படகுக்காரருக்கு அப்படி ஒரு விலாசமே கிடையாது, திரும்பிப் போயிருக்கவேண்டிய மெயில். ஆனால் டொமைன் உள்ளூர்ப் பட்டியலிலும் இருக்கிறது. சேர்வரில் ‘கணக்கு’ என்ற லினக்ஸ் பயனர் இருக்கிறார், அவர் விடுதியின் கணக்காளர். படகுக்காரரின் பில் விடுதிக் கணக்காளரின் பெட்டியில். அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் தெரியும். தொழிலில் போட்டியானவர்கள் ஒரே சேர்வரில் இருந்தால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள்.

பாதையின் கடைசியிலை சாய்கோடு போடுறதும் விடுறதும் ஒண்டுதானே?

ஒன்றல்ல. கடைசியில் சாய்கோடு இருந்தால் மெயில்டிர், ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. சாய்கோடு இல்லாவிட்டால் எம்பொக்ஸ், எல்லா மெயிலும் ஒரே நீளக் கோப்பு. உள்ளூர்ப் பயனர்களுக்கு ஹோம் மெயில்பொக்ஸ் என்ற வரியிலும் இதே விதிதான். மெயில்டிர் வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மாதிரியும் டவ்காட் இன்னொரு மாதிரியும் எதிர்பார்த்தால், லொக்கில் ‘டெலிவர்ட்’ என்று இருக்கும், போனில் பெட்டி வெறுமையாக இருக்கும்.

கடலடிப் படங்கள் அனுப்புகினம், பெரிசு எண்டு திரும்புது. அளவைக் கூட்டினன், இப்ப மெயிலே இறங்குதில்லை!

மெசேஜ் சைஸ் லிமிட் இயல்பாக 10240000 பைட். இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருக்கும். ஆகவே ஏழரை மெகாபைட் படத்தோடு எல்லை தட்டிவிடும். சரி, கூட்டினீர்கள். எவ்வளவுக்கு? மெயில்பொக்ஸ் சைஸ் லிமிட் இயல்பாக 51200000 பைட். மெசேஜ் எல்லையை அதற்கு மேலே கொண்டுபோனால், பெட்டியைவிடக் கடிதம் பெரிதாக இருக்க முடியாது என்று போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலைப் பெட்டியில் வைக்கவே மறுக்கும். மெயில்பொக்ஸ் முறைக்கு விர்ச்சுவல் மெயில்பொக்ஸ் லிமிட் என்று தனி எல்லை, அதுவும் அதே அளவு. மெசேஜ் எல்லையைக் கூட்டும்போது உங்கள் முறைக்குரிய பெட்டி எல்லையையும் கூட்டுங்கள்.

மெயில்டிரில் இந்தப் பெட்டி எல்லை ஒரு தனிக் கோப்புக்குத்தான், அதாவது ஒரு மெயிலுக்குத்தான். முழுப் பெட்டியின் அளவை அது கட்டுப்படுத்தாது. அதற்கு டவ்காட்டின் கோட்டா இருக்கிறது.

ஆக்கள் பேரைப் பிழையா எழுதினாலும் மெயில் வரவேணும். எல்லாத்தையும் ஒரு பெட்டியிலை பிடிக்க ஏலாதா?

ஏலும். அட்டவணையில் இடப்பக்கம் வெறும் @சங்கம்.எல்கே என்று எழுதினால் அந்த டொமைனுக்கு வரும் மிச்சம் எல்லாம் வலப்பக்கத்து ஆளுக்குப் போகும். நான் பரிந்துரைக்கமாட்டேன். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் அகராதியில் உள்ள பெயரையெல்லாம் முயல்வார்கள், நீங்கள் அத்தனைக்கும் கதவைத் திறந்து வைக்கிறீர்கள். பிழையாக எழுதியவருக்கும் “அப்படி ஒரு விலாசம் இல்லை” என்று உடனே தெரிவதுதான் நல்லது.

பிடிவாதமாகச் செய்தால், மெயில்பொக்ஸ் முறை டொமைன்களில் ஒரு பொறி உண்டு. அலியாஸ் அட்டவணை எல்லா விலாசத்துக்கும் முதலில் பார்க்கப்படும். @ வரி அங்கே இருந்தால், உண்மையான பெட்டிகள் உள்ளவர்களின் மெயிலையும் அது வாரிக்கொள்ளும். ஆகவே பெட்டி உள்ள ஒவ்வொரு விலாசத்தையும் அதே அட்டவணையில், இடமும் வலமும் ஒரே விலாசமாக, எழுதிவைக்கவேண்டும்.

லொக்கிலை இங்கிலீசிலை ஏதோ எழுதிக் கிடக்குது. என்னெண்டு விளங்குறது?

முழுவதும் விளங்கவேண்டாம், மூன்று வாக்கியம் தெரிந்தால் போதும். ‘ரிலே அக்சஸ் டினைட்’ என்றால் எம்எக்ஸ் சரியாகக் காட்டி மெயில் உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது, ஆனால் அந்த டொமைன் உங்கள் பட்டியல் எதிலும் இல்லை. ‘லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்’ என்றாலும் கிட்டத்தட்ட அதே நோய்தான். சேர்வர் அந்த டொமைனை வெளியூர் என்று நினைத்து எம்எக்ஸைத் தேடிப்போய், அங்கே தன் முகத்தையே பார்த்துவிட்டது. எழுத்துப் பிழையா என்று முதலில் பாருங்கள்.

‘யூசர் அன்னோன் இன்’ என்பதற்குப் பின்னால் வரும் சொல்லை விடாமல் வாசியுங்கள். லோக்கல் ரெசிப்பியன்ட் டேபிள், விர்ச்சுவல் அலியாஸ் டேபிள், விர்ச்சுவல் மெயில்பொக்ஸ் டேபிள் மூன்றில் ஒன்று இருக்கும். டொமைன் எந்தப் பட்டியலில் இருப்பதாகச் சேர்வர் நினைக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நீங்கள் அலியாஸில் போட்டதாக நினைக்க, அது லோக்கல் என்று சொன்னால், மேலே சொன்ன இரட்டைப் பட்டியல் வேலைதான்.

எங்கடை மெயில் ஜிமெயிலிலை ஸ்பாமுக்குள்ளை விழுகுதே, ஒவ்வொரு டொமைனுக்கும் வேறை ஐபி எடுக்கவேணுமோ?

வேண்டாம். ஐபியின் தலைகீழ்ப் பெயர், அதாவது பிடிஆர், சேர்வரின் பெயரான மெயில்.விடுதி.எல்கே என்று ஒன்று இருந்தால் போதும். அந்தப் பெயரும் திரும்ப அதே ஐபியைக் காட்டவேண்டும். டொமைன் எத்தனையோ அத்தனை பிடிஆர் தேவையில்லை. அதை வைப்பது ஐபியின் சொந்தக்காரர், அதாவது உங்களுக்குச் சேர்வர் வாடகைக்குத் தந்தவர். டொமைன் விற்றவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.

டொமைனுக்கு டொமைன் தனியாகச் செய்யவேண்டியது எஸ்பிஎஃப் (எந்தச் சேர்வர் அனுப்பலாம் என்ற பதிவு), டிகேஐஎம் (மெயிலில் சேர்வர் இடும் கையெழுத்து), டிமார்க் (இரண்டும் தவறினால் என்ன செய்வது என்ற பதிவு). எஸ்பிஎஃப்பில் ‘எம்எக்ஸ் காட்டும் சேர்வர் மட்டும் அனுப்பலாம்’ என்று எழுதினால் போதும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. டிகேஐஎம் சாவி டொமைனுக்கு ஒன்று வையுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு எழுதுகிற எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றாவது இருக்கவேண்டும் என்பது விதி. நாளுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவருக்கு மூன்றும் வேண்டும். நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை, ஆனாலும் மூன்றையும் வைத்திருக்கிறேன்.

சங்கத் தலைவர் தன்ரை மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடச் சொல்லுறார். அலியாஸ் அட்டவணையிலை வலப்பக்கம் ஜிமெயில் விலாசம் போட்டா முடிஞ்சுதுதானே?

வேலை செய்யும், பாதி நாளைக்கு. அனுப்பியவரின் டொமைன் சொன்ன எஸ்பிஎஃப்பில் உங்கள் சேர்வர் இல்லை, ஆகவே ஜிமெயிலின் கண்ணுக்கு நீங்கள் ஆள்மாறாட்டக்காரர். டிகேஐஎம் கையெழுத்து இருந்து, மெயிலை இடையில் மாற்றாவிட்டால் தப்பும். இன்னொன்று, தலைவருக்கு வரும் ஸ்பாமையும் நீங்கள்தான் ஜிமெயிலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். கெட்ட பெயர் சேர்வருக்கு, சேர்வரில் உள்ள மற்ற நான்கு டொமைன்களுக்கும் சேர்த்து.

உறை விலாசத்தை (சேர்வர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் அனுப்புநர் விலாசம்) மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் என்ற முறை இருக்கிறது, அது எஸ்பிஎஃப்பைத் தீர்க்கும், ஸ்பாமைத் தீர்க்காது. தலைவர் கேட்பது உண்மையில் தன் போனில் ஒரே ஆப்பில் எல்லாம் தெரியவேண்டும் என்பதுதான். போனின் ஜிமெயில் ஆப்பில் எங்கள் பெட்டியை ஐமேப் (சேர்வரில் உள்ள பெட்டியை வெளியிலிருந்து திறந்து பார்க்கும் முறை) கணக்காகச் சேர்த்துக் கொடுத்தேன். “இதைத்தானே தம்பி கேட்டனான்” என்றார்.

விடுதிக்காரர் படகுக்காரர் பேரிலை மெயில் அனுப்ப ஏலுமா? அப்படி நடந்தா?

சும்மா விட்டால் ஏலும். கடவுச்சொல் சரியா என்று மட்டும்தான் சேர்வர் பார்க்கும், எந்தப் பெயரில் அனுப்புகிறார் என்று பார்க்காது. எஸ்எம்டிபிடி சென்டர் லொகின் மேப்ஸ் என்ற அட்டவணையில் எந்த விலாசம் எந்த உள்நுழைவுக்குச் சொந்தம் என்று எழுதி, ரிஜெக்ட் சென்டர் லொகின் மிஸ்மேட்ச் என்ற கட்டுப்பாட்டையும் பயனர்கள் மெயில் அனுப்பும் 587, 465 போர்ட்டுகளில் போடுங்கள்.

இது உறையில் உள்ள அனுப்புநரை மட்டும்தான் பார்க்கும். கடிதத்தின் உள்ளே ‘ஃப்ரம்’ என்று தெரிகிற பெயரைப் பார்க்காது. அதையும் கட்டுப்படுத்துவது தனி வேலை. ஆனால் ஊருக்குள் தெரிந்தவர்களுக்கு இடையில் இவ்வளவு போதும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

டொட் இலங்கை எண்டு தமிழிலை டொமைன் எடுத்தா மெயில் விலாசமும் தமிழிலை வைக்கலாமா?

.இலங்கை 2010 முதல் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸும் 3.0 பதிப்பிலிருந்து தமிழ் விலாசங்களை ஏற்கும். ஆனால் டொமைனுக்கு இரண்டு உருவம் உண்டு: தமிழ் எழுத்தில் ஒன்று, டிஎன்எஸ் பயன்படுத்தும் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவை ஒன்று. போஸ்ட்ஃபிக்ஸ் ஒன்றை மற்றதாக மாற்றிப் பார்க்காது. பட்டியலிலும் அட்டவணையிலும் இரண்டு உருவத்தையும் எழுதுங்கள்.

ஜிமெயிலிலிருந்து வரும், போகும். எதிர்ப்பக்கச் சேர்வர் பழையது என்றால் திரும்பி வரும். ஆகவே தமிழ் விலாசத்தோடு ஒரு ஆங்கில விலாசத்தையும் அதே பெட்டிக்கு வைத்துவிடுங்கள். விசிட்டிங் கார்டில் இரண்டையும் அச்சடித்த ஒருவர் எனக்குத் தெரியும், அழகாக இருக்கிறது.

சேர்வர் நிண்டா மெயில் எல்லாம் போயிடுமே. ரெண்டாவது எம்எக்ஸ் ஒண்டு வைப்பமா?

போகாது. உங்கள் சேர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பியவரின் சேர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வைத்திருக்கும். ஐந்து நாளுக்குள் நீங்கள் சேர்வரை எழுப்பாவிட்டால் பிரச்சினை மெயிலில் இல்லை. இரண்டாவது எம்எக்ஸில் விலாசப் பட்டியலை ஒத்திசைவாக வைத்திருக்காவிட்டால் அது குப்பையையெல்லாம் வாங்கிவிட்டு, பிறகு யார் யாருக்கோ திருப்பி அனுப்பும். வேண்டாம்.

பழைய இடத்திலிருந்து உங்கடை சேர்வருக்கு மாறி ஒரு மாதம். ஒரே ஒரு ஆள் அனுப்புற மெயில் மட்டும் வரேல்லை. ஏன்?

இருப்பதில் சிக்கலான கேள்வி இது. எம்எக்ஸ் சரி. டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற எண்) மாற்றுவதற்கு முதல் நாளே குறைத்து வைத்தோம், அதுவும் சரி. மற்ற எல்லாருடைய மெயிலும் வருகிறது. அந்த ஒரு ஆளுக்கு மட்டும் “அனுப்பியாச்சு” என்று காட்டுகிறது, பிழைச் செய்தியும் இல்லை.

அந்த ஆளின் மெயில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சங்கம் முன்பு இருந்த அதே வாடகை நிறுவனத்தில். அங்கேதான் விடை. அந்த நிறுவனம் எங்கள் டொமைனைத் தன் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. தன் பட்டியலில் உள்ள டொமைனுக்கு எந்தச் சேர்வரும் எம்எக்ஸைத் தேடிப் போகாது, நேரே தன் பெட்டியில் போட்டுக்கொள்ளும். ஒரு மாத மெயில், மொத்தம் பதினொன்று, யாரும் திறக்காத பழைய பெட்டியில் கிடந்தது. அவர்களுக்கு எழுதி டொமைனை நீக்கச் சொல்லுமுன் ஐமேப்பால் அந்தப் பதினொன்றையும் எடுத்துக்கொண்டோம். ஆகவே மாறும்போது பழைய இடத்தில் டொமைனை நீக்கச் சொல்லுங்கள், நீக்குமுன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கள் பதினொன்றில் ஒன்று, ஒன்றுகூடலுக்கு மண்டபம் கிடைக்காது என்ற மெயில். ஒன்றுகூடல் அதற்கு முந்தின சனிக்கிழமையே முடிந்துவிட்டது, மண்டபத்து வாசலில் நின்று.